உறக்கத்திலும் விழித்திருக்கும் இருதயம்

அகஸ்தீசுவரம் பக்கத்து நேயர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பல மாதங்களாக, பத்து மணிக்குப் படுத்தாலும் இரண்டு மணி வரையில் அவருக்குக் கண் அயர்வதில்லையாம். "அதற்கு மேலாவது உறங்கிவிடுகிறேனே, இருதயத்துக்கும் மூளைக்கும் அந்த ஓய்வு போதாதா?" என்று கேட்கிறார். உறக்கத்தை மணிக்கணக்கில் அளப்பவர்களே பலர். இவரோ கிடைத்த உறக்கம் எத்தகையது என்று கேட்டுவிட்டார்.

1924-ல் ஜெர்மனியில், யேனா நகரத்து வைத்தியர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின் அலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். இருதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவு செய்ததற்காக ஹாலந்து தேசத்து ஐந்தோவன் நோபல் பரிசு பெற்றதும் அதே ஆண்டில்தான். இவ்விரு வகைக் கருவிகளும் உறங்குபவரின் நிலையைக் காட்டிக் கொடுத்துவிடுகின்றன. சுகதேகியின் மூளையில், விழித்திருக்கும்போது எழும் வேகமான சிற்றலைகள் ஆழ்ந்த உறக்கத்தில் அடங்கி, வினாடிக்கு நான்குக்கும் குறைவான பெரிய மந்த அலைகள் தோன்றுகின்றன. இருதயத் துடிப்பு தளர்கிறது. இரத்த அழுத்தம் பகலில் இருந்ததைவிட நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு வரை இறங்குகிறது. ஓயாமல் உழைக்கும் இருதயத்துக்குச் சம்பளத்தோடு கிடைக்கும் விடுமுறை இது ஒன்றுதான்.

நாட்பட்ட உறக்கமின்மையில் இந்த விடுமுறை குறைந்துபோகிறது. பேச்சிப்பாறைத் தண்ணீர் முறைப்படி வரும் இரவில் நமது வயற்காரர் மண்வெட்டியும் கையுமாக மடையருகே விழித்திருப்பார். வயல் நனைந்ததும் மடையை அடைத்துவிட்டு வீடு திரும்புவார். உறக்கம் வராதவரின் மூளையோ, தண்ணீர் நின்ற பிறகும் மடையை விட்டு எழாத காவற்காரனைப் போன்றது. அவர் உறங்கும்போதும் மந்த அலைகளுக்கு ஊடே விழிப்புக்குரிய வேகமான அலைகள் கலந்து வருவதைக் கருவிகள் காட்டுகின்றன. "நான் பொட்டுக்கூட உறங்கவில்லை" என்று ஒருவர் காலையில் முறையிட, "நன்றாகக் குறட்டை விட்டீர்களே!" என்று வீட்டார் நகைப்பதுண்டு. இருவர் சொல்வதும் பொய்யன்று.

மூளை காவல் இருக்க, இருதயம் மட்டும் எப்படி ஓய்ந்திருக்கும்? ஆபத்துக் காலத்தில் உடலை முடுக்கிவிடும் நரம்புகள் இரவிலும் அடங்குவதில்லை. துடிப்பு சற்று மிகுந்தே நிற்கிறது. சிலருக்கு இரத்த அழுத்தம் இறங்கவேண்டிய அளவு இறங்குவதில்லை. எல்லோரிடமும் இது ஒரே அளவில் காணப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் இப்படியே ஆண்டுக்கணக்கில் கழிப்பவர்களிடையே இரத்தக் கொதிப்பும் மாரடைப்பும் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுகின்றன. ஆறு மணிக்கும் குறைவாக உறங்குவோரிடம் இத்தொடர்பு இன்னும் வலுவாயிருக்கிறது.

கீரிப்பாறைப் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டுவோர் விடியுமுன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள்; வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். தோவாளைப் பூச்சந்தையிலும் விடியுமுன்பே விளக்கு எரிகிறது. இவர்களுக்கும் உறக்கம் குறைவுதான். அதற்கும் தேகம் விலை கொடுக்கிறது. ஆனால் தலை சாய்த்தால் இவர்களுக்கு உறக்கம் வந்துவிடும். வேண்டிய அவகாசமும் படுக்கையும் இருந்தும் உறக்கம் வராதிருப்பதுதான் நாம் சொல்லும் நோய்.

2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில், தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களிலிருந்து கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. அந்த வீடுகளில் கண்ணீரோடு விழித்திருந்த இரவுகளை நோய் என்று சொல்ல எவருக்கும் மனம் வராது. துக்கத்தில் உறக்கம் போவது இயல்பே. வாரத்தில் மூன்று இரவுக்குக் குறையாமல் மூன்று மாதம் நீடித்தால்தான் வைத்தியர்கள் அதை நாட்பட்டது என்கிறார்கள். கொடுமை என்னவெனில், முதற்காரணம் ஆறிய பின்னும் உறக்கமின்மை தனியே வேர் விட்டு நின்றுவிடக் கூடும். பாயைக் கண்டாலே "இன்றும் வராதோ?" என்ற அச்சம் எழுகிறது, அந்த அச்சமே மறுபடி காவற்காரனாகிவிடுகிறது.

மருந்துக் கடையில் தாமே மாத்திரை கேட்டு வாங்கும் வழக்கம் நமக்குச் சிறிதும் உடன்பாடில்லை. அல்பிரஸோலம், டயஸிபாம் போன்றவை கண்ணை மூடச் செய்யும். ஆனால் ஆழ்ந்த உறக்கத்தின் மந்த அலைகளைக் குறைத்துவிடும், விடமுடியாத பழக்கமாகவும் ஆகும். ஏற்கனவே உண்டு வருவோர் வைத்தியரைக் கேளாமல் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

2016-ல் அமெரிக்க வைத்தியர் கல்லூரி, நாட்பட்ட உறக்கமின்மைக்கு முதற் சிகிச்சையாகச் சொன்னது மாத்திரையை அன்று. மனத்தையும் பழக்கத்தையும் திருத்தும் பயிற்சியையே. எந்நேரம் உறங்கினாலும் குறித்த நேரத்தில் எழவேண்டும். உறக்கம் வந்த பிறகே படுக்கவேண்டும். இருபது நிமிஷம் போல உறக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடத்தில் அமர்ந்து, கண் சொருகும்போது திரும்பவேண்டும். கடிகாரமும் கைபேசியும் படுக்கையருகே கூடா. மாலை ஐந்து மணிக்கு அருந்திய காப்பியின் சத்தில் பாதி, இரவு பத்து மணிக்கும் உடலில் நிற்கும் என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் ஒப்புக்கொள்வது கடினம்!

நமது அகஸ்தீசுவரத்து அன்பர் முதலில் இரத்த அழுத்தத்தை அளந்து பார்க்கட்டும். பிறகு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலோ வேறிடத்திலோ மனநல வைத்தியரைக் காணட்டும். நேரில் போகக் கூச்சமிருந்தால், 2022 அக்டோபரில் அரசாங்கம் தொடங்கிய டெலி மானஸ் என்னும் இலவசத் தொலைபேசி உதவி 14416 என்ற எண்ணில் கிடைக்கும். குறட்டையின் நடுவே மூச்சு நின்று நின்று வருபவர்களின் நோய் வேறு. அதை இன்னொரு வாரம் எடுத்துக்கொள்வோம்.