ஃபத்வாவுக்காக இரத்தம் காத்திருக்காது



இஷாத் தொழுகை முடிந்த வேளை, ஸ்கேன் அறிக்கையுடன் ஓர் இளைஞர் நம் மத்ரஸா வாசலில் நின்றார். "ஹஜ்ரத், கரு கர்ப்பப்பை வாயில் தங்கிவிட்டதாம். ஊசி போட்டு வளர்ச்சியை நிறுத்த வேண்டுமாம். கருக்கலைப்பு ஹராம், கையெழுத்துப் போடாதே என்று வீட்டுப் பெரியவர்கள் தடுக்கிறார்கள்" என்றார். மனைவி வார்டில், கணவர் நம் வாசலில். காலடிப்பேட்டையில் இந்நிலை இனியும் தொடரலாமா?

நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டு, கரு தங்க வேண்டிய இடம் விட்டு, பெரும்பாலும் சினைக்குழாயில் தங்குகின்றன. அவ்வாறு இடம் மாறியவற்றுள் நூற்றில் ஒன்றுக்கும் குறைவானதே கர்ப்பப்பை வாயில் தங்குவது. அரிதுதான், ஆனால் கொடியது. சுருங்கி இரத்தத்தை நிறுத்தும் தசை அவ்விடத்தில் மிகக் குறைவு. பெரும்பாலும் வலியின்றித் தொடங்கும் இரத்தப்போக்கே அறிகுறி. "மாதவிலக்குதான்" என்று வீட்டிலேயே முடிவுகட்டுவது முதல் தவறு. ஸ்கேன் பாராமல் சுரண்டி எடுக்கச் சொல்வது அதனினும் பெரிய தவறு. அதுவே பெருக்கைத் திறந்துவிடும்.

முற்காலத்தில் பெரும்பாலும் கர்ப்பப்பையையே அகற்றித் தாயைக் காத்தனர். இன்று உள்வழி ஸ்கேனில் தொடக்க வாரங்களிலேயே கண்டால், மெத்தோட்ரெக்ஸேட் ஊசியால் வளர்ச்சியை நிறுத்தலாம். இரத்தம் பெருகினால் பலூன் வைத்து அழுத்தலாம். கர்ப்பப்பைக்குச் செல்லும் இரத்தக்குழாயை அடைக்கலாம். ஆகவே தாமதம் தாயை மட்டுமன்று, நாளை பிறக்கவிருக்கும் பிள்ளைகளையும் பறிக்கக்கூடும்.

"இது கொலை" என்போரே, எந்தக் கிதாபில் கண்டீர்கள்? ரூஹ் ஊதப்படுவது 120 நாள்களில் என்பது பெரும்பாலான உலமாக்களின் கருத்து. இக்கரு பொதுவாக அதற்கு வெகு முன்பே கண்டறியப்படுகிறது. 120 நாள் கடந்த பின்னரும், தாயின் உயிருக்கு ஆபத்து என நம்பகமான மருத்துவர் குழு உறுதி செய்தால் கலைக்க அனுமதி உண்டு என்று மக்காவில் ராபிதாவின் ஃபிக்ஹ் சபை 1990இல் தீர்மானித்தது. மேலும், இவ்விடத்தில் தங்கிய கரு பிழைத்துப் பிறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இல்லை. அதற்காகத் தாயையும் இழப்பது எவ்வகைப் பேணுதல்? இரு தீங்குகளில் சிறியதை ஏற்பதன்றோ ஃபிக்ஹின் விதி!

நாட்டுச் சட்டமும் தடையில்லை. 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டப்படி, 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதமே போதும். கணவரின் கையெழுத்தையே சட்டம் கேட்கவில்லை. பெரியப்பாவின் அனுமதி எதற்கு?

"ஆண் மருத்துவர் பார்க்கலாமா?" என்பது அடுத்த தடை. பெண் மருத்துவர் இருந்தால் அவரே முதன்மை. இல்லையேல் தேவையான அளவுக்கு நிர்ப்பந்தம் அனுமதிக்கிறது. வெட்கம் ஈமானின் பகுதிதான். அது உயிரைப் பணயம் வைக்கச் சொல்லவில்லை.

ஓர் உயிரை வாழவைப்பது மனிதகுலம் முழுவதையும் வாழவைப்பதற்கு நிகர் என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் 32ஆம் வசனம் நமக்குத் தரும் பாடம். அதை மிம்பரில் ஓதிவிட்டு, வீட்டில் மறந்துவிடுகிறோம்.

அந்த இளைஞரிடம் நாம் கிதாபைத் திறக்கவில்லை. "தம்பி, முதலில் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்" என்றோம். உங்களுக்கும் அதையே சொல்கிறோம். நாள் தள்ளிப்போன பெண்ணுக்கு இரத்தம் கண்டால், அன்றே ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பெருகினால் 108ஐ அழையுங்கள். மஸ்அலாவைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அல்லாஹ் நம் பெண்மக்களைக் காப்பானாக. வல்லாஹு அஃலம்.