வேலு நாயக்கர் நாயகன், ஒடிசாக்காரர் திருடரா?

பிழைக்கப் போன ஊரில் தாதாவான தமிழரின் கதை என்றதும் 1987 தீபாவளிக்கு வந்த ‘நாயகன்’தான் நினைவுக்கு வரும். வரதராஜ முதலியாரின் வாழ்க்கையைத் தழுவிய படம். தாராவியைச் சென்னையிலேயே அரங்கமாக எழுப்பிய தோட்டா தரணிக்குத் தேசிய விருது கிடைத்தது. நல்ல படம்தான், நாங்களும் பலமுறை பார்த்திருக்கிறோம். ஆனால், நிஜத் தாராவித் தமிழர்களில் கணிசமானோர் யார்? சாதிக் கொடுமைக்கும் வறுமைக்கும் தப்பி, திருநெல்வேலிச் சீமையிலிருந்து போய்த் தோல் பதனிடும் கூடங்களில் உழைத்த ஆதிதிராவிடர்கள். படத்தில் அவர்கள் கூட்டமாக நிற்கிறார்கள், கும்பிடுகிறார்கள், அழுகிறார்கள். முதலியார் திரையில் நாயக்கர் ஆனார். பட்டம் மாறியது, போகவில்லை.

2018 ஜூனில் பா. இரஞ்சித்தின் ‘காலா’ அதே தாராவிக்குப் போனது. காலாவும் நெல்லைப் பக்கத்து தாதாதான். ஆனால், சண்டை கடத்தல் சரக்குக்காக அல்ல, குடியிருக்கும் நிலத்துக்காக. அவருடைய ஜீப்பின் எண்ணில் 1956 இருந்தது. அண்ணல் அம்பேத்கர் பௌத்தம் தழுவிய ஆண்டு. பின்னணியில் புத்த விகாரை தெரிந்தது. செல்வி, புயல் என்று எதிர்த்துப் பேசும் பெண்கள் இருந்தார்கள். ரஜினி இல்லாவிட்டால் அந்த ஜீப் எண்ணை யார் பார்த்திருப்பார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கட்டும், பார்த்தார்கள் அல்லவா?

இதைக் குன்றத்தூரிலிருந்து எழுதக் காரணம் இருக்கிறது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளை நம்பி ஒடிசா, பீகார், ஜார்கண்ட், அசாமிலிருந்து வந்தவர்கள் இன்று நம் தெருக்களில் தகரக் கூரை அறைகளில் ஷிப்ட் முறை வைத்துப் படுக்கிறார்கள். அவர்களிலும் தலித்துகள், பழங்குடியினர் உண்டு. தமிழ் சினிமாவுக்கு அவர்கள் யார்?

2017-இல் வந்த ‘தீரன் அதிகாரம் ஒன்று’ லாரியில் வந்து கொள்ளையடித்துக் கொலை செய்யும் பவாரியா கும்பலைக் காட்டியது. உண்மை வழக்கு, 2005-இல் சட்டமன்ற உறுப்பினர் சுதர்சனம் கொல்லப்பட்டார். அந்தக் குற்றத்தை நாம் மறைக்கச் சொல்லவில்லை. ஆனால், கும்பலின் குற்றத்தைச் சமூகத்தின் ரத்தத்தில் தேடுவது 1871-ஆம் ஆண்டு குற்றப் பழங்குடிகள் சட்டம் செய்த வேலை. இங்கே பிரமலைக் கள்ளரையும் குறவரையும் கைரேகை வைக்கச் சொன்ன சட்டம் அது. 1952-இல் நீக்கப்பட்டது. தியேட்டரில் அது இன்னும் அமலில் இருக்கிறது.

வேலு நாயக்கருக்கு ஒரு பால்யம் இருந்தது. போலீஸ் தன் அப்பாவைக் கொன்றதால் அவர் ஓடி வந்தார் என்று நமக்குச் சொல்லப்பட்டது. அதனால் அவர் கத்தி எடுத்தபோது நாம் கைதட்டினோம். இங்கு வரும் வடமாநிலத்துக்காரருக்கு அப்படியொரு முதல் ரீல் கிடைப்பதில்லை. 1966-இல் தொடங்கிய சிவசேனை பம்பாயில் நம்மவர்களை ‘மதராசி’ என்று விரட்டியது. இங்கே டீக்கடையில் ‘வடக்கன்’ என்கிறோம்.

ஒரகடத்தில் குற்றக் கதை இல்லாமல் இல்லை. சம்பளத்தில் கமிஷன் பிடிக்கும் கான்ட்ராக்டர் இருக்கிறார். மெஷினில் விரல் போன பையனை மறுநாளே ரயில் ஏற்றி அனுப்புகிறவர் இருக்கிறார். ஒரே அறையில் பத்துப் பேரிடம் வாடகை வாங்குபவர் நம் ஊர்க்காரர். படமெடுக்க வருகிறவர்கள் முதலில் அந்த அறைக்கதவைத் தட்டி, உள்ளே இருப்பவரின் பெயரைக் கேட்கட்டும். அரங்கம் போடும் செலவும் மிச்சம்.