படிப்பிலும் வர்ணாசிரமமா?

காரைக்காலில் இன்று இரண்டு கதவுகள் திறந்து கிடக்கின்றன. தேசியத் தொழில்நுட்பக் கழகம் 2010-இல் ஏற்பட்டு, இப்போது திருவேட்டக்குடியில் நடந்து வருகின்றது. ஜிப்மரின் கிளை வைத்தியக் கல்லூரி 2016-இல் வந்தது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் வைத்தியம் கற்க விரும்பிய காரைக்கால் பிள்ளை, 1823-இல் புதுச்சேரியில் ஏற்பட்ட வைத்தியப் பள்ளிக்குப் போகவேண்டியிருந்தது. இன்று மீனவர் வீட்டுப் பிள்ளைக்கும், வயல் கூலி வீட்டுப் பிள்ளைக்கும் இரண்டு படிப்பும் சொந்த ஊரிலேயே இருக்கின்றன. இது மகிழத்தக்க காரியமேயாகும்.

ஆனால் எந்தக் கதவில் நுழைவது என்பதைத் தீர்மானிக்கிறவர் யார்? நுழையப்போகிற பிள்ளையா? இல்லவே இல்லை. அப்பன் ஒருபுறம், மாமன் ஒருபுறம், ஜோசியன் ஒருபுறம், வரப்போகும் சம்பந்தி ஒருபுறமாக இருந்து தீர்மானிக்கிறார்கள். பிள்ளையின் வாயை மட்டும் யாரும் திறக்கவிடுவதில்லை.

இதற்குக் காரணம் என்ன? நம்மவர்கள் படிப்புகளுக்கும் ஒரு மனுதர்மம் எழுதி வைத்துக்கொண்டிருப்பதுதான். அதன்படி டாக்டர் படிப்பு தலையில் பிறந்தது, இஞ்சினீயர் படிப்பு தோளில் பிறந்தது, பி.எஸ்ஸி. தொடையில் பிறந்தது, நர்ஸ் படிப்பு காலில் பிறந்தது. நோயாளியின் உடம்பை டாக்டரும் தொடுகிறார், நர்சும் தொடுகிறார். ஆனால் ஒருவருக்குக் கும்பிடும், மற்றவருக்கு இளப்பமும் கிடைக்கின்றன. மலமும் சீழும் துடைக்கிறவர் தாழ்ந்தவர் என்ற பழைய ஜாதிப் புத்தி ஆஸ்பத்திரிக்குள்ளும் புகுந்துகொண்டது என்பதல்லாமல் இதற்கு வேறு அர்த்தம் என்ன?

இந்த வரிசை உண்மைதானா என்று பார்ப்போம். 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா கண்டது, பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது, பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. குடிதண்ணீரில் சாக்கடை கலந்ததே காரணம் என்று சொல்லப்பட்டது. படுக்கையில் விழுந்தவர்களைக் காப்பாற்ற டாக்டரும் நர்சும் வேண்டியிருந்தது. தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று சோதித்துச் சொல்ல ஆராய்ச்சிசாலையில் இருப்பவர் வேண்டியிருந்தது. உடைந்த குழாயைக் கண்டுபிடித்துச் செப்பனிட இஞ்சினீயர் வேண்டியிருந்தது. இவர்களில் யார் தலையில் பிறந்தவர், யார் காலில் பிறந்தவர்?

லண்டன் பட்டணத்துக் கதையும் இதுவே. 1854-இல் காலரா தண்ணீரால் பரவுகின்றது என்று ஒரு தெருக் குழாயைக் காட்டி எடுத்துச் சொன்னவர் ஜான் ஸ்நோ என்ற டாக்டர். பின்னர் பூமிக்கடியில் பெருஞ் சாக்கடைகள் கட்டியவர் பாசல்ஜெட் என்ற இஞ்சினீயர். 1866-இல் மறுபடியும் காலரா வந்தபோது, புதிய சாக்கடையில் இன்னும் சேராதிருந்த கிழக்கு லண்டன் பகுதியைத்தான் அது வாட்டியது. அன்றியும், இன்று எந்த ஆஸ்பத்திரியும் எக்ஸ்ரே இல்லாமல் நடப்பதில்லை. 1895-இல் அதைக் கண்டுபிடித்த ரான்ட்ஜன் டாக்டரல்ல. பௌதிக சாஸ்திரப் பேராசிரியர். ஆகவே உயிரைக் காப்பது ஒரு படிப்பின் ஏகபோகச் சொத்து அல்ல.

இது நிற்க. நம் ஜில்லாவிலேயே திருநள்ளாறு இருப்பதால், ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு, "பிள்ளைக்கு டாக்டர் யோகமா, இஞ்சினீயர் யோகமா?" என்று கேட்கப் போகிறவர்களும் உண்டு. அவர்களை நாம் ஒன்று கேட்கிறோம். சனிக்கிரகம் சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 29½ வருஷம் ஆகின்றது. ஒரு ராசியில் 2½ வருஷம் இருக்கிறதென்று ஜோசியர்களே சொல்லுகிறார்கள். அப்படியானால் ஒரே வகுப்பில் படிக்கும் நாற்பது பிள்ளைகள் பிறந்தபோதும் சனி ஏறக்குறைய ஒரே இடத்தில்தானே இருந்திருக்கவேண்டும்? பின் அவர்களில் ஒருத்திக்கு உயிரியலும், ஒருவனுக்குக் கணக்கும் நன்றாய் வருவானேன்? சனியைக் கேட்பதைவிட, அந்தப் பிள்ளைக்குப் பாடம் சொல்லும் வாத்தியாரைக் கேட்டால் சங்கதி தெரிந்துவிடுமே!

ஜோசியனுக்கு அடுத்தபடி கலியாணச் சந்தை. ஆண்பிள்ளை டாக்டரானால் விலை கூடும் என்று ஒரு கணக்கு. பெண்ணானால், "இஞ்சினீயர் வேலை பெண்ணுக்கு ஆகாது" என்று ஒரு விதி. இந்த விதியைப் பெண்கள் எப்பொழுதோ உடைத்தெறிந்துவிட்டார்கள். புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ஆண்பிள்ளைகள் காலேஜில் படித்து, சென்னை வைத்தியக் கல்லூரியில் 1912-இல் பட்டம் பெற்றார். சென்னையில் வளர்ந்த லலிதாவோ 15 வயதில் கலியாணமாகி, 18 வயதில் கைக்குழந்தையோடு புருஷனை இழந்தவர். அக்காலத்தில் படிக்கும் பெண்களுக்கு வைத்தியமே வழி என்றிருந்தது. நடு ராத்திரியில் குழந்தையை விட்டுவிட்டுப் போகவேண்டிய தொழில் தமக்கு வேண்டாமென்று அவர் தாமே யோசித்து முடிவு செய்தார். 1940-இல் கிண்டி இஞ்சினீயரிங் காலேஜில் சேர்ந்து, 1943-இல் மின்சார இஞ்சினீயராய்த் தேறினார். ஒருவர் வைத்தியத்தில் போனார்; மற்றவர் இஞ்சினீயரிங்கில் போனார். லலிதா தம் நிலைமையை ஆராய்ந்து தம் புத்தியால் தீர்மானித்தாரே, அதுதான் நாம் கவனிக்கவேண்டிய சங்கதி.

"ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஆசை எதற்கு? சம்பாதிக்க வேண்டாமா?" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அதற்கும் யோசனைதான் வேண்டுமேயொழிய அந்தஸ்துப் பைத்தியம் உதவாது. டாக்டர் படிப்பு பயிற்சியோடு 5½ வருஷம். அதற்குமேல் சிறப்புப் படிப்பு என்றால் இன்னும் 3 வருஷம். இஞ்சினீயர் படிப்பும், பி.எஸ்ஸி. நர்சிங்கும் 4 வருஷம். 2024-இல் நீட் எழுதினவர்கள் 23 லட்சத்திற்கு மேல், எம்.பி.பி.எஸ். இடங்களோ லட்சத்துச் சொச்சம்தான். புதுச்சேரி சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு நூற்றுக்குப் பத்து இடம் 2023-இல் கிடைத்தது நல்லதே. ஆயினும் இடம் கிடைக்காதவரே பெரும்பாலோர். விருப்பமில்லாத பிள்ளையை இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை என்று கடன் வாங்கிப் பயிற்சிக்கு அனுப்பி, அதன் 17, 18, 19 வயதை ஓர் அறையில் பூட்டிவைப்பதற்குப் பெயர் அன்பா? தோற்ற பிள்ளை தன்னை ஒன்றுக்கும் உதவாதவனென்று நினைத்துக்கொள்வதற்கு யார் ஜவாப்தாரி?

ஆதலால் பெற்றோர்களுக்கு நாம் சொல்லுவதாவது: தீர்மானம் 17 வயதில் தொடங்குவதல்ல, 15 வயதில், பதினோராம் வகுப்பில் பாடம் எடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது. மனம் நிச்சயமாகாத பிள்ளை, முடியுமானால் கணக்கையும் உயிரியலையும் சேர்த்தே எடுக்கட்டும். இரண்டு கதவும் மூடாமல் இருக்கும். பிறகு பிள்ளையிடமே கேளுங்கள். யாரும் சொல்லாதபோது எந்தப் புத்தகத்தை எடுக்கிறாய்? ரத்தத்தையும் நோயாளியின் அழுகையையும் கண்டு நிற்க உன்னால் முடியுமா? விடை வராத கணக்கோடு ராத்திரி முழுதும் மல்லுக்கட்டப் பிடிக்குமா? திருவேட்டக்குடிக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஒருமுறை அழைத்துப்போய் அங்கே படிப்பவர்களோடு பேசவிடுங்கள். ஜாதகம் பார்க்கும் செலவைவிட அது குறைவாகவே இருக்கும்.

பிள்ளைகளே! உங்களுக்கும் ஒரு வார்த்தை. பெரியவர்கள் சொல்லுவதைக் கேளுங்கள், காரணத்தையும் கேளுங்கள். காரணம் சரியானால் ஏற்றுக்கொள்ளுங்கள். "ஊர் என்ன சொல்லும்?" என்பது மாத்திரமே காரணமானால் தைரியமாய் மறுத்துவிடுங்கள். நாற்பது வருஷம் அந்த வேலையைச் செய்யப்போகிறவர் நீங்களேயல்லாமல் ஊரல்ல.