அச்சகம் போயிற்று, முதலாளி போகவில்லை

அச்சு இயந்திரமும் விநியோக வண்டியும் தேவையற்றுப் போனதால் இதழியல் தொழிலே விடுதலை பெற்றுவிட்டது என்றும், எழுதத் தெரிந்த எவரும் சென்னைக்குக் குடிபெயராமல் கடலூர் முதுநகரிலோ சிதம்பரத்திலோ இருந்தபடியே டிஜிட்டல் ஊடகத்தில், அதாவது செய்தியைத் தாளில் அச்சிடாமல் இணையதளம், யூடியூப், சமூக வலைத்தளம் ஆகியவற்றின் வழியே வெளியிடும் நிறுவனத்தில், தம் விருப்பம்போல் பணியாற்றலாம் என்றும் ஒரு நம்பிக்கை பரவலாக வேரூன்றியிருக்கிறது. கருவி எளிதானதால் வேலையும் எளிதாயிற்று என்று கொள்ளும் பிழையே இந்நம்பிக்கையின் அடித்தளம்.

கருவி தந்த நன்மைகளை மறுப்பதற்கில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலைத் தொடர்ந்து சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீர் தென்பெண்ணையில் பெருகிக் கடலூரின் கரையோரக் குடியிருப்புகளைச் சூழ்ந்தபோது, நீர் எங்கே ஏறுகிறது என்பதை அறிய மறுநாள் நாளிதழுக்காக எவரும் காத்திருக்க நேரவில்லை. எழுத்து, படத்தொகுப்பு, குரல்பதிவு ஆகிய மூன்றையும் ஓர் இளைஞர் சில மாதங்களிலேயே பழகிக்கொள்ள முடிகிறது. வெளியூர் செல்ல இயலாத பெண்கள் வீட்டிலிருந்தே டெஸ்க் பணியை, அதாவது வந்த செய்தியைத் திருத்தித் தலைப்பிட்டு வெளியிடும் பணியை, மேற்கொள்ள முடிகிறது.

இந்நன்மைகளுள் ஊதியமோ வேலைநேர வரம்போ பணிப் பாதுகாப்போ அடங்கவில்லை என்பதுதான் கவனிக்கப்படாமல் போகிறது. 1955ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம், தொடர்ந்து வரும் நான்கு வாரங்களில் 144 மணி நேரத்திற்கு மேல் ஒருவரிடம் வேலை வாங்கக் கூடாது என்று வரையறுத்தது. அச்சட்டத்தின் வழிவந்த மஜிதியா ஊதியக் குழுவின் பரிந்துரைகள் 2011 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தால் உறுதிசெய்யப்பட்டன. இவை யாவும் செய்தித்தாள் நிறுவனங்களையும் செய்தி முகமைகளையும் கருதி எழுதப்பட்டவை. டிஜிட்டல் ஊடகப் பணியாளரையும் பத்திரிகையாளர் என்னும் வரையறைக்குள் கொண்டுவந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு 2020இல் இயற்றப்பட்டும், 2025 நவம்பர் 21 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அச்சிதழ் நிறுவனங்கள் யாவும் பழைய சட்டத்தை ஒழுங்காகப் பின்பற்றின என்று சொல்வது நகைப்புக்குரியதே. ஆயினும் ஏமாற்றப்பட்டவர் வழக்குத் தொடுக்க அங்கே ஒரு பிடி இருந்தது. அச்சட்டம் பிழைதிருத்துநரையும் பத்திரிகையாளராகவே எண்ணியது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்த எழுத்தாளர் ஜெயகாந்தனும் ஒரு காலத்தில் பிழைதிருத்துநராக வேலை பார்த்தவரே. அந்தப் பதவி இன்று பல இணைய நிறுவனங்களில் இல்லை என்பதற்கு அவற்றின் தலைப்புகளே சாட்சி.

நிறுவனத்தை நம்பாமல் சொந்த சேனல் தொடங்கிவிட்டால் முதலாளியே இல்லை என்பார் உண்டு. விளம்பர வருவாயில் பங்கு பெற, நீண்ட காணொளிகளை வெளியிடும் சேனலுக்கு ஆயிரம் சந்தாதாரர்களும் பன்னிரண்டு மாதங்களுக்குள் நாலாயிரம் மணி நேரப் பார்வையும் வேண்டும் என்று விதிப்பதும், அத்தகைய காணொளியின் விளம்பர வருவாயில் 55 விழுக்காட்டை மட்டும் சேனலுக்கு அளிப்பதும், அல்காரிதம் என்னும் கணினிக் கணக்கீட்டால் எக்காணொளி யார் திரையில் தோன்றலாம் என்று தீர்மானிப்பதும் யூடியூப் நிறுவனமே. அதனிடம் ஊதிய உயர்வு கேட்கவும் இயலாது, வேலைநிறுத்த அறிவிப்புக் கொடுக்கவும் இயலாது. அரசின் கை ஓங்கும்போது நிலை இன்னும் இரங்கத்தக்கது. 2025 பிப்ரவரியில் ஒரேயொரு கேலிச்சித்திரத்தின் பொருட்டு விகடன் இணையதளம் முழுவதும் முடக்கப்பட்டது; அச்சித்திரத்தைத் தற்காலிகமாக நீக்கும் நிபந்தனையுடன் சென்னை உயர் நீதிமன்றம் மார்ச் 6 அன்று தடையை விலக்க ஆணையிட்டது. 1926 முதல் வேரோடிய நிறுவனத்தால் நீதிமன்றத்தை நாட முடிந்தது; முதுநகரில் இருவர் நடத்தும் சேனல் அவ்வாறு முடக்கப்பட்டால், அது முடங்கியது என்ற செய்திகூட வெளியே வராது.

வேலையின் தன்மை செய்தியின் தன்மையையும் மாற்றிவிடுகிறது என்பதற்கு முதுநகரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையே சான்று. அச்சாலையோரத்துச் சிப்காட் தொழிற்பேட்டையின் காற்று மாசு, பல்லாண்டுகள் பின்தொடர வேண்டிய செய்தி; 2004இல் அங்குள்ள ஊர்மக்களே வாளியால் செய்த எளிய கருவிகளில் காற்று மாதிரிகளைச் சேகரித்து ஆய்வகத்துக்கு அனுப்பி, அதில் கலந்திருந்த நச்சு வேதிப்பொருள்களை வெளிக்கொணர்ந்தனர். அத்தகைய பொறுமைக்கு, செய்திக்கு இவ்வளவு என்று கூலி பெறும் பகுதிநேரச் செய்தியாளரிடம் நேரமும் இல்லை, அவரை அனுப்பும் நிறுவனத்திடம் மனமும் இல்லை. சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்து அலையாத்திக் காட்டின் படகுப் பயணக் காட்சிக்கு எந்த மாதத்திலும் பார்வையாளர் உண்டு. சிப்காட்டை ஒட்டிய குடிகாடு ஊரின் காற்றுக்கோ, ஏதேனும் ஓர் ஆலையில் வாயு கசிந்து எவரேனும் மயங்கி விழும் நாளில் மட்டுமே நேரலை. மறுநாள் அந்தச் செய்தியாளர் வெள்ளம் பார்க்கக் கொள்ளிடக் கரைக்கு அனுப்பப்பட்டுவிடுகிறார்.