அந்தக் கொப்பியை நான் மூடிவிட்டேன்



"டெத் நோட் பார்க்கவில்லையா சேர்?" என்று ஓ/எல் பிள்ளைகள் விடாமல் கேட்டதால் தவணை விடுமுறையில் உட்கார்ந்தேன். 2006இல் தொடங்கிய ஜப்பானிய அனிமே, மொத்தம் 37 அத்தியாயங்கள். உலகமே புகழ்கிறது. நான் ஏழாவதோடு நிறுத்திவிட்டேன்.

லைட் கெட்டிக்கார மாணவன். அவனுடைய கொப்பியில் பெயர் எழுதப்பட்டவர் சாவார். முதலில் குற்றவாளிகள். பிறகு தன்னை நெருங்கிய 12 எஃப்பிஐ அதிகாரிகள். ஏழாவதில், அவர்களில் ஒருவரை மணக்கவிருந்த நயோமி. நயமாகப் பேசி, உண்மைப் பெயரை வாங்கி, எழுதி, சாக அனுப்புகிறான்.

அவனைப் பிடிக்க வரும் எல்? ஒரு மரணதண்டனைக் கைதியைத் தன் பெயரில் பலிகொடுத்தே ஆட்டத்தைத் தொடங்குகிறான். நான் யாருக்காகக் கவலைப்படுவது?

"வில்லன் அப்படித்தான் சேர்" என்கிறீர்கள். வில்லன் எனக்குப் பிரச்சினை இல்லை. லைட்டின் அப்பா நல்லவர் என்பதும் தெரியும். ஆனால் கதை ரசிக்கச் சொல்வது மகனின் மூளையைத்தான். செத்தவர்களை அடுத்த அத்தியாயத்திலேயே மறந்துவிடுகிறது.

வகுப்பில் ஒரு பிள்ளை, "தூள் விற்கிறவன் பெயரை எழுதினால் என்ன பிழை சேர்?" என்றான். அதுதான் என்னை உலுக்கியது. 1983 ஜூலையில் கொழும்பில் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடினார்கள். அதே கலவரத்தில் நுவரெலியாவும் எரிந்தது. பெயர் எழுதிய தாள் என்ன செய்யும் என்று லயத்துத் தாத்தாமாரிடம் கேளுங்கள்.

மிச்சம் 30 அத்தியாயமும் உங்களுக்கே. என்னைத் திட்டுங்கள், பரவாயில்லை. ஆனால் பெற்றோரே, முதலில் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து ஏழு அத்தியாயம் பாருங்கள்.