மூன்றாம் ஆண்டில்தான் தெரியும்

லேப்டாப் விமர்சனங்கள் பெரும்பாலும் பெட்டியைப் பிரித்த இரண்டு வாரத்துக்குள் எழுதப்படுபவை. திரை பளிச்சென்று இருக்கிறது, எடை குறைவு, பேட்டரி இத்தனை மணி நேரம் நிற்கிறது என்று எழுதிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கருவி அவர்கள் கையில் இருப்பதே அவ்வளவு நாள்தான். நிரல் எழுதிப் பிழைக்கிறவர்களின் கணக்கு வேறு. நான்கைந்து வருடம், தினமும் ஒன்பது பத்து மணி நேரம் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருக்கப் போகிறோம். முதல் வாரத்தில் எல்லா லேப்டாப்பும் நல்ல லேப்டாப்தான்.

நான் இப்போது வேலை செய்யும் லேப்டாப்புக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. பதினான்கு அங்குலத் திரை, ஏஎம்டி ரைசன் ப்ராசஸர், உபுண்டு லினக்ஸ். என்னுடையது சர்வர் பக்கத்து வேலை. இந்த மூன்று வருடமும் இந்தக் கருவியைப் பற்றி எனக்குக் கற்றுக்கொடுத்தவற்றில் பாதிகூடக் கடை விளம்பரத்தில் இருக்கவில்லை.

வாங்கும்போது எல்லோரும் கேட்பது ப்ராசஸரைத்தான். கல்லூரி திறக்கும் சமயத்தில் எங்கள் குடியிருப்புப் பையன்கள் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். “அண்ணா, ஐ-5 போதுமா, ஐ-7 வாங்கணுமா?” என்பார்கள். “ராம் எவ்வளவுடா?” என்று கேட்டால், அதை யோசித்தே பார்த்திருக்க மாட்டார்கள். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருப்பது ப்ராசஸரின் பெயர். லேப்டாப்பின் ஆயுளைத் தீர்மானிப்பதோ பெரும்பாலும் ராம்.

நிரல் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் ப்ராசஸர் பெரும்பாலும் சும்மாதான் இருக்கிறது. பில்ட் ஓடும்போதும் டெஸ்ட் ஓடும்போதும் மட்டும் விழித்து வேலை செய்துவிட்டு மறுபடி ஓய்ந்துவிடும். ராமுக்கு அந்த ஓய்வே கிடையாது. 2015-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விஎஸ் கோடு இன்று பெரும்பாலான நிரலாளர்களின் எடிட்டர். அது எலக்ட்ரான் என்ற அடித்தளத்தின் மேல் கட்டப்பட்டது, அதாவது குரோமியம் பிரவுசர் ஒன்றைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருப்பது. ஸ்லாக்கும் அப்படியே. இவை போக உண்மையான பிரவுசர் ஒன்று, அதில் முப்பது நாற்பது டேப். நீங்கள் எழுதும் மொழியைப் பின்னணியில் படித்துப் பிழை காட்டும் சர்வர் ஒன்று. டாக்கரில் டேட்டாபேஸ் ஒன்று, கேஷ் ஒன்று. லினக்ஸில் டாக்கர் கன்டெய்னர்கள் நேரடியாகக் கணினியின் கெர்னல் மேலேயே ஓடிவிடும். விண்டோஸிலும் மேக்கிலும் அதற்கென்று உள்ளே ஒரு மெய்நிகர் கணினி ஓட வேண்டும். அதுவும் தன் பங்கு ராமை எடுத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டு செயலி எழுதுகிறவர்கள் நிலை இன்னும் மோசம். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவையும் எமுலேட்டரையும் சேர்த்து ஓட்ட 16 ஜிபி வேண்டும் என்று கூகுளின் ஆவணமே சொல்கிறது.

ராம் நிரம்பினால் கணினி உடனே நின்றுவிடாது. அப்போதைக்குத் தேவைப்படாதவற்றை எஸ்எஸ்டிக்குத் தள்ளிவிட்டு, தேவைப்படும்போது திரும்ப எடுத்துக்கொள்ளும். எஸ்எஸ்டி வேகமானதுதான். ஆனாலும் ராமிலிருந்து எடுப்பதைவிட அதிலிருந்து எடுப்பதற்குப் பல நூறு மடங்கு நேரம் பிடிக்கும். கர்சர் ஒரு கணம் நின்று நகர்வதாக அது நமக்குத் தெரியவரும். கடையில் சோதித்துப் பார்க்கும்போது இது நடக்காது. ஆறு மாதம் கழித்து, வேலை பெருத்த பிறகு, வெள்ளிக்கிழமை மாலை ரிலீஸுக்கு முன்னால் நடக்கும்.

இதில் நேர விரயத்தைவிட எனக்குக் கவலை தருவது இன்னொன்று. டெஸ்ட் ஓட்டப் பத்து விநாடி ஆகும் கணினியில் நிரலாளர் ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் ஒரு முறை ஓட்டிப் பார்ப்பார். அதே டெஸ்ட் மூன்று நிமிடம் எடுத்தால், ஏழெட்டு மாற்றங்களைச் சேர்த்து வைத்துவிட்டு ஒரு முறை ஓட்டுவார். பிழை எந்த மாற்றத்தால் வந்தது என்று பிறகு தேட வேண்டியிருக்கும். மெதுவான கணினி இப்படி மெல்ல மெல்ல வேலைப் பழக்கத்தையே மாற்றிவிடுகிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு எட்டு ஜிபி கணினியைக் கொடுத்துவிட்டு, ‘இந்தக் காலத்துப் பிள்ளைகள் டெஸ்டே ஓட்டுவதில்லை’ என்று அலுத்துக்கொள்ளும் மேலாளர்கள் இதை யோசிக்க வேண்டும்.

என் லேப்டாப்பில் 16 ஜிபி ராம் போர்டோடு வந்தது. பக்கத்தில் ஒரு ஸ்லாட் காலியாக இருந்தது. இரண்டாம் வருடத்தில் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் இன்னொரு 16 ஜிபி வாங்கிப் போட்டேன். அடி மூடியின் திருகுகளைக் கழற்றி, ஓரத்தில் மெல்ல நெம்பி, ராமைச் சாய்த்துச் செருகி அமுக்கினால் ‘டக்’ என்று உட்காரும். கால் மணி நேர வேலை. “இப்ப வர்றதுல நிறைய மாடல்ல போர்டுலயே ஒட்டி வந்துடுது சார். ராம் போடணும்னு வர்றவங்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கு” என்றார் கடைக்காரர்.

ஒட்டுவதற்கும் காரணம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ப்ராசஸருக்கு எவ்வளவு நெருக்கமாக ராம் இருக்கிறதோ அவ்வளவு வேகம் கூடும், மின்சாரச் செலவும் குறையும். 2020 நவம்பரில் ஆப்பிள் எம்1 சிப்பை வெளியிட்டபோது ராமையும் அதோடு ஒரே பொதிக்குள் வைத்தது. கேம்பிரிட்ஜில் ஏகார்ன் நிறுவனத்தில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்து 1985-இல் முதன்முதலாக ஓடிய ஆர்ம் சிப்பின் வழிவந்தது அது. ஃபேனே இல்லாத மேக்புக் ஏரில் பெரிய நிரல்கள் சத்தமில்லாமல் கம்பைல் ஆனதைப் பார்த்து எங்கள் தொழிலே வியந்தது நியாயம்தான். ஆனால் அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. ஐந்து வருடத்துக்கு எவ்வளவு ராம் வேண்டும் என்பதை வாங்கும் அன்றே முடிவு செய்துவிட வேண்டும். 2024 அக்டோபரில் ஆப்பிள் தன் மேக்புக் ஏரின் ஆரம்ப ராமை, விலையை ஏற்றாமல், 8 ஜிபியிலிருந்து 16 ஜிபியாக உயர்த்தியது. அதற்கு முன்னால் எட்டு வாங்கியவர்களுக்கு எட்டுதான். இரண்டு வசதியையும் ஒன்றாகத் தர முடியாது என்றும் இல்லை. கழற்றி மாற்றக்கூடிய, அதே சமயம் வேகமான காம்-2 என்ற ராம் வடிவத்தை, நினைவகத் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பு 2023 டிசம்பரில் வெளியிட்டுவிட்டது. நிறுவனங்கள் மனம் வைக்க வேண்டியதுதான் பாக்கி.

அடுத்து வெப்பம். விமர்சகர் குளிரூட்டிய அறையில் சோதித்த லேப்டாப்பை நாம் சித்திரை வெயிலில் ஓட்டுகிறோம். ஃபேன் எதையும் குளிர வைப்பதில்லை. அறைக் காற்றை இழுத்து உள்ளே விடுகிறது, அவ்வளவுதான். அறையே முப்பத்தைந்து டிகிரியில் இருந்தால் அந்தக் காற்றால் எடுத்துச் செல்லக்கூடிய வெப்பமும் குறைவு. ப்ராசஸர் நூறு டிகிரியை நெருங்கும்போது தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பில்ட் முதல் இரண்டு நிமிடம் பறந்துவிட்டுப் பிறகு தள்ளாடுவது இதனால்தான். ஐ-7 என்று கூடுதலாகக் கொடுத்த பணம் மே மாதத்தில் ஆவியாகிவிடுகிறது. வருடத்துக்கு ஒரு முறை மூடியைத் திறந்து, ஃபேன் வாயில் கம்பளிபோல் படிந்திருக்கும் தூசியை எடுத்துவிட்டால், சத்தமும் சூடும் குறைவது உடனே தெரியும். மெத்தை மேல் வைத்து வேலை செய்யாமல் இருப்பது அதைவிட எளிது.

பேட்டரி வேதிவினையால் இயங்குவது. குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவரும் லித்தியம் அயனி பேட்டரிக்காக 2019-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த பேட்டரிக்கு ஆகாத இரண்டு: முழுச் சார்ஜிலேயே கிடப்பது, சூட்டில் கிடப்பது. நாளெல்லாம் சார்ஜரில் செருகியபடி நூறு சதவீதத்திலேயே வைத்திருக்கும் நிரலாளர் இரண்டையும் சேர்த்தே செய்கிறார். பல லேப்டாப்களில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்திக்கொள்ளும் அமைப்பு இருக்கிறது. பயாஸிலோ நிறுவனம் தரும் செயலியிலோ தேடினால் கிடைக்கும், லினக்ஸில் ஒரு வரியில் முடியும். நான் முதல் மாதமே அதைச் செய்தேன். மூன்று வருடத்துக்குப் பிறகும் மின்தடையில் ஒரு முழு மீட்டிங்கைத் தாங்குகிறது. அலுவலக நண்பர் ஒருவருக்கு டச்பேட் அழுந்தாமல் போனது. டச்பேடில் கோளாறு இல்லை, அடியில் பேட்டரி உப்பி மேலே தள்ளிக்கொண்டிருந்தது. அப்படிக் கண்டால் அமுக்கவோ குத்தவோ கூடாது, சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு உடனே மாற்ற வேண்டும். அங்கும் அதே கேள்விதான் வருகிறது: பேட்டரி திருகில் நிற்கிறதா, பசையில் ஒட்டியிருக்கிறதா?

உலோக உடல் லேப்டாப்பை சார்ஜரில் போட்டபடி தொட்டால் விரலில் ஒரு சுருசுருப்பு இருக்கும், பலரும் உணர்ந்திருப்பார்கள். இரண்டு முள் பிளக்கில் எர்த் இல்லாததால், சார்ஜருக்குள் இருக்கும் மின்தேக்கி வழியாகக் கசியும் மிகச் சிறிய மின்னோட்டம் அது. மூன்று முள் வயரைப் போட்டு, சுவரில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொன்னால் தீர்ந்துவிடும். இதை எந்த வெளிநாட்டு விமர்சனத்திலும் நான் படித்ததில்லை.

கீபோர்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் ஆசையாகச் சொல்கிறேன். இதே லேப்டாப்பில்தான் இந்தப் பத்தியையும் எழுதுகிறேன், தமிழ்99 முறையில். அதில் உயிரெழுத்துகள் இடது கையில், மெய்கள் பெரும்பாலும் வலது கையில். ஆங்கிலத்தில் எஃப் இருக்கும் பொத்தானில் புள்ளி. தமிழில் புள்ளி வைக்காமல் எத்தனை சொல் எழுதிவிட முடியும்? என் கீபோர்டில் மற்ற பொத்தான்கள் மினுமினுக்கத் தொடங்கியபோதே எஃப் பொத்தானின் மேல் விரல் அடையாளத்துக்காக இருக்கும் சிறு மேடு தேய்ந்துவிட்டது. அதற்கு இணையாகத் தேய்ந்திருப்பது கண்ட்ரோல். ஆழமாக அழுந்தி, திடமாக மேலே வரும் பொத்தான்கள் வேண்டும். அதைக் கடையில் நின்று நான்கு வரி அடித்துப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம், திரையின் நிறத்தைப் பார்க்கும் நேரத்தில் பாதி போதும்.

என் பழைய லேப்டாப் இப்போது அக்கா மகளிடம் இருக்கிறது. ஏழாம் தலைமுறை இன்டெல் ப்ராசஸர். விண்டோஸ் 11 சில விதிவிலக்குகள் தவிர எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. கணக்குப்படி அது குப்பைக்குப் போயிருக்க வேண்டும். ராமையும் பேட்டரியையும் மாற்ற முடிந்ததாலும், ஹார்டு டிஸ்க் இருந்த இடத்தில் எஸ்எஸ்டி போட முடிந்ததாலும், லினக்ஸ் மின்ட் ஏற்றிக் கொடுத்தேன். அவள் அதில் பைத்தான் எழுதுகிறாள். போன மாதம் போனில், “மாமா, என் ஃப்ரெண்டோட புது லேப்டாப்பைவிட இதுல சீக்கிரம் ஓடுது” என்றாள்.

நம் வீடுகளில் லேப்டாப் ஒருவரோடு நிற்பதில்லை. அண்ணனிடமிருந்து தங்கைக்கும் அங்கிருந்து ஊரில் படிக்கும் பிள்ளைக்கும் போகிறது. அதனால் பழுதுபார்க்க முடிவது நமக்கு வெறும் கொள்கை இல்லை, படிப்புச் செலவு. பிரான்ஸ் 2021 முதல் லேப்டாப்புகளுக்குப் பழுதுபார்ப்பு மதிப்பெண் போட வைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி முதல் இத்தகைய கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்று சட்டம். இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்ப்பு உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. நல்ல தொடக்கம், ஆனால் கட்டாயப்படுத்தும் சட்டம் வேண்டும்.

அந்தச் சட்டம் வரும்வரை தமிழ்நாடு காத்திருக்க வேண்டியதில்லை. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலிருந்து, கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு என்று 2025-26 நிதிநிலை அறிக்கை அறிவித்த திட்டம்வரை, லேப்டாப்பை லட்சக்கணக்கில் வாங்கும் அரசு இது. இவ்வளவு பெரிய வாடிக்கையாளர் கேட்டால் எந்த நிறுவனமும் செய்து கொடுக்கும். இனி விடும் ஒவ்வொரு டெண்டரிலும் மூன்று நிபந்தனைகளைச் சேர்க்க வேண்டும்: ராமுக்கு ஒரு காலி ஸ்லாட், திருகில் நிற்கும் பேட்டரி, ஐந்து வருடத்துக்கு உதிரிபாகம் கிடைக்கும் என்ற எழுத்துபூர்வ உறுதி. கூடுதல் செலவு ஆகுமென்றால் ப்ராசஸரில் ஒரு படி குறைத்துக்கொள்ளலாம். மாணவர்களுக்கு அதனால் நஷ்டம் இல்லை.