தராசு சொல்வது பாதிக் கதை

2024 டிசம்பர் 21, சனிக்கிழமை. தீபம் ஏற்றி எட்டு நாள் ஆகியிருந்தது. மலை உச்சியில் கொப்பரை இன்னும் எரிந்துகொண்டிருந்தது (பதினோரு நாள் எரியும், வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்). கூட்டம் வடிந்து, செங்கம் சாலையில் நான் மாலையில் உட்காரும் டீக்கடையில் மறுபடியும் பெஞ்சு காலியாகக் கிடைத்தது. ஆனால் அமைதி கிடைக்கவில்லை. ஜிம்முக்குப் போகும் நான்கு பையன்கள் ஒரே செல்போனைச் சுற்றி நின்றுகொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

விஷயம் இதுதான். அன்று இரவு, நம் நேரப்படி ஞாயிறு விடியற்காலையில், ரியாத் நகரில் உசிக் என்ற உக்ரைன்காரருக்கும் டைசன் ஃபியூரி என்ற இங்கிலாந்துக்காரருக்கும் ஹெவிவெயிட் மறுபோட்டி. மே மாதம் நடந்த முதல் போட்டியில் உசிக் மயிரிழையில் ஜெயித்திருந்தார். மூன்று நடுவர்களில் ஒருவர் ஃபியூரிக்குத்தான் போட்டிருந்தார்.

"இந்தத் தடவ ஃபியூரி 281 பவுண்டுடா. போன தடவ 262 தான். மேல சாஞ்சே உசிக்க அமுக்கிடுவான்" என்றான் ஒருவன்.

"அவ்ளோ கறியத் தூக்கிக்கிட்டு பன்னெண்டு ரவுண்டு நிக்க முடியுமா? எட்டாவது ரவுண்டுல நாக்கு தள்ளிடும்" என்றான் இன்னொருவன்.

மூன்றாமவன் கொஞ்சம் விவரமானவன். "வெயிட்ட விடுங்கடா. ஃபியூரி ஆறடி ஒம்போது அங்குலம். கை நீளம். தூரத்துல நின்னு ஜாப் போட்டாப் போதும். போன தடவ வேடிக்கை காட்டிக் கெடுத்துக்கிட்டான்" என்றான்.

நான் டீயைக் குடித்துவிட்டுச் சொன்னேன்: "தம்பி, அந்த 281 பவுண்டுல உடுத்தியிருந்த துணியும் சேர்த்தி." நால்வரும் திரும்பினார்கள். "சார், நீங்க பாக்ஸிங் எல்லாம் பாப்பீங்களா?" என்றான் ஒருவன். "முகமது அலியை நேர்லயே பார்த்திருக்கேன்" என்றேன். அதன்பிறகு எனக்கு இன்னொரு டீ வந்தது. அன்று அவர்களிடம் பாதி சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். பிரெஞ்சில் மறுபோட்டிக்கு 'ருவான்ஷ்' என்று பெயர். பழி தீர்ப்பது என்றும் சொல்லலாம், இழந்ததை மீட்பது என்றும் சொல்லலாம். சீட்டாட்டத்தில் முதல் ஆட்டம் 'மான்ஷ்', இரண்டாவது 'ருவான்ஷ்'. ஆளுக்கு ஒன்று ஜெயித்திருந்தால் முடிவு கட்டும் மூன்றாவது ஆட்டம் 'லா பெல்', அதாவது அழகி.

இந்தச் சொல்லை எங்களுக்கு விளக்க எங்கள் வாத்தியார் மார்செல் செர்தானின் கதையைச் சொன்னார். செர்தான் பிரான்ஸ் நாட்டின் மிடில்வெயிட் உலக சாம்பியன். 1949 ஜூனில் டெட்ராய்ட்டில் ஜேக் லமோட்டாவோடு மோதியபோது முதல் ரவுண்டிலேயே தோள்பட்டை பிசகிவிட்டது. ஒரு கையோடு ஒன்பது ரவுண்டு சமாளித்தார். பத்தாவதுக்கு எழவில்லை, பட்டம் போயிற்று. மறுபோட்டி ஒரு தடவை தள்ளிப்போய், மறுபடி தேதி குறித்தார்கள். அதற்காக அமெரிக்கா புறப்பட்ட விமானம் 1949 அக்டோபர் 28 அன்று அசோர்ஸ் தீவில் மலையில் மோதியது. ருவான்ஷ் நடக்கவே இல்லை. வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டது நினைவிருக்கிறது. மறுபோட்டி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் பயம் வருவது அதனால்தானோ என்னவோ.

சரி, பையன்களின் வாதத்துக்கு வருவோம். எடையில் ஒன்றும் இல்லை என்று சொல்ல மாட்டேன். 2019 ஜூனில் ஆண்டி ருயிஸ் என்ற குண்டு மனிதர், சிலைபோல் உடம்பு வைத்திருந்த ஆன்டனி ஜோஷ்வாவை நியூயார்க்கில் ஏழாவது ரவுண்டில் வீழ்த்தினார். உலகமே வாயைப் பிளந்தது. ஆறு மாதத்தில் மறுபோட்டி. ருயிஸ் இன்னும் ஆறேழு கிலோ ஏற்றிக்கொண்டு வந்தார். ஜோஷ்வா நாலைந்து கிலோ இறக்கிக்கொண்டு வந்தார். பன்னிரண்டு ரவுண்டும் ஜோஷ்வா சுற்றி வந்து ஜாப் போட்டார், ருயிஸ் துரத்திக்கொண்டே இருந்தார், பிடிக்க முடியவில்லை. கொண்டாட்டம் அதிகமாகிவிட்டது என்று ருயிஸே பிறகு ஒப்புக்கொண்டார். அன்று தராசு உண்மையைத்தான் சொன்னது.

1978-ல் நடந்ததும் அப்படித்தான். பிப்ரவரியில் லியான் ஸ்பிங்க்ஸ், தொழில்முறையில் எட்டாவது போட்டியே ஆடுகிற 24 வயதுப் பையன், 36 வயது அலியைத் தோற்கடித்தான். அலி சரியாகப் பயிற்சி எடுக்கவில்லை. கயிற்றில் சாய்ந்து நின்று எதிராளியைக் களைப்பாக்கும் பழைய தந்திரத்தை நம்பினார். பையன் களைக்கவில்லை. செப்டம்பரில் நியூ ஆர்லியன்ஸில் மறுபோட்டி. தோற்றவர் ஓடிப் பயிற்சி எடுத்தார், ஜெயித்தவர் ஊர் சுற்றினார். இந்த முறை அலி கயிற்றில் சாயவில்லை. ஜாப், நகர்வு, கட்டிப்பிடிப்பு. பதினைந்து ரவுண்டும் அதே. மூன்றாவது முறையாக உலக சாம்பியன்.

இதிலிருந்து நாம் கற்றுக்கொண்ட பாடம்தான் என்னைக் கெடுத்தது. இளைத்து வந்தவன் ஜெயிப்பான் என்று மனதில் எழுதி வைத்துக்கொண்டேன்.

1980 தொடக்கத்தில் அலி சென்னைக்கு வந்தார். அப்போது ஓய்வு அறிவித்திருந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு கண்காட்சிப் போட்டி, முதலமைச்சர் எம்.ஜி.ஆர். வந்திருந்தார். நான் தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, திருவண்ணாமலையிலிருந்து பஸ் பிடித்துப் போனேன். எங்களைச் சுற்றி வடசென்னைக்காரர்கள். பரம்பரை பரம்பரையாகக் குத்துச்சண்டை பார்த்தவர்கள். நாங்கள் அலியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் மட்டும் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கால் போச்சுப்பா. கை இன்னும் வருது, கால் போச்சு" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது.

அதே ஆண்டு அலி மறுபடி வளையத்துக்குத் திரும்புவதாகச் செய்தி வந்தது. எதிராளி லாரி ஹோம்ஸ், ஒரு காலத்தில் அலிக்குப் பயிற்சிக் கூட்டாளியாக இருந்தவர். செப்டம்பர் கடைசியில் பத்திரிகையில் படம் பார்த்தேன். தொப்பை இல்லை, நரை இல்லை. 1974-ல் போர்மேனை வீழ்த்திய அதே அலி. ஆபீசில் படத்தை எல்லோருக்கும் காட்டினேன். பக்கத்து மேசைக்காரரோடு ஒரு வாரம் டிபன் பந்தயம் கட்டினேன்.

அக்டோபர் 2. பத்து ரவுண்டு அலி அடி வாங்கினார், திருப்பி அடிக்கக்கூட இல்லை. அடித்த ஹோம்ஸே பல தடவை நடுவரைப் பார்த்தார், நிறுத்துங்கள் என்பதுபோல. கடைசியில் பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி போதும் என்றார். பந்தயப் பணத்தை நீட்டியபோது பக்கத்து மேசைக்காரர் வாங்கவில்லை. "இதுக்குப் போய் காசு வாங்குறதா?" என்றார்.

பல வருஷம் கழித்துத்தான் முழுக்கதையும் படித்தேன். அந்த ஒல்லி உடம்பு ஓடிச் சம்பாதித்தது மட்டுமல்ல, தைராய்டு மாத்திரையின் வேலையும் அதில் உண்டு. தசையும் தண்ணீரும் சேர்ந்து கரைந்திருந்தன. நரையை மறைத்தது சாயம். போட்டிக்கு முன் மேயோ கிளினிக்கில் பரிசோதித்தார்கள். ஒற்றைக் காலில் குதிப்பதிலும், விரலால் மூக்கைத் தொடுவதிலும் தடுமாற்றம் என்று அறிக்கையிலேயே இருந்தது. இருந்தும் அனுமதி கிடைத்தது. அதற்கு மூன்று வருஷம் முன்பே, அவருடைய டாக்டர் ஃபெர்டி பச்செகோ சிறுநீரகம் கெட்டுவருகிறது என்று ஆய்வக அறிக்கையோடு கடிதம் எழுதி, பதில் வராததால் விலகிப் போயிருந்தார். 'வேண்டாம்' என்று சொன்னவர் போய்விட்டார், மற்றவர்கள் இருந்தார்கள். 1984-ல் அலிக்குப் பார்க்கின்சன் நோய் என்று உறுதியானது.

அனுமதி, சான்று என்றதும் என்னால் அமெரிக்காக்காரர்களை மட்டும் குறை சொல்ல முடியவில்லை. நானே அந்த வேலையைச் செய்தவன்தான்.

தொண்ணூறுகளில் நான் ஓர் அலுவலகத்தில் நிர்வாகப் பிரிவில் இருந்தேன். எங்கள் ஜீப் டிரைவர் ஒருவர் நெஞ்சு வலி வந்து மருத்துவ விடுப்பில் போனார். கணக்கில் இருந்த விடுப்பெல்லாம் தீர்ந்தது. அடுத்தது ஊதியமில்லா விடுப்புதான். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். ஒருநாள் உடற்தகுதிச் சான்றோடு வந்து நின்றார். நன்றாக இளைத்திருந்தார். "இளைச்சு அழகாயிட்டீங்களே" என்று எல்லோரும் சொன்னோம், நானும் சொன்னேன். மாடிப்படி ஏறி வந்தவர் பேச முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் பார்த்தேன். ஆனால் சான்று சரியாக இருந்தது. கையெழுத்து இருந்தது, முத்திரை இருந்தது. 'பணியில் சேர அனுமதிக்கலாம்' என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன்.

இரண்டாவது மாதம், போளூர் சாலையில், அதிகாரி பின்னால் இருக்கும்போதே ஜீப்பை ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு, ஸ்டியரிங்கில் தலையை வைத்தார். எழுந்திருக்கவில்லை.

அவரை லேசான வேலைக்கு மாற்றலாமா என்று ஒரு வரி சேர்த்து எழுதியிருக்கலாம். விதியில் அதற்கு இடம் இருந்ததா என்று தேடிப் பார்த்திருக்கலாம். யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை, கோப்பில் தவறு எதுவும் இல்லை.

அதனால்தான் சொல்கிறேன். மறுபோட்டிக்கு முன்னால் எத்தனை பவுண்டு, எத்தனை அங்குலம் என்று பேசுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, நானும் பேசுவேன். ஆனால் தராசு எடையைச் சொல்லும். அந்த எடை எப்படி வந்தது, எப்படிப் போனது என்று சொல்லாது. அதற்குக் காலைப் பார்க்க வேண்டும். முதல் போட்டியின் கடைசி மூன்று ரவுண்டில் அவன் எப்படி நின்றான் என்று பார்க்க வேண்டும். தந்திரம் என்பதும் கால் சம்பந்தப்பட்டதுதான். தூரத்தில் நின்று ஜாப் போடு என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். பத்தாவது ரவுண்டில் அந்தத் தூரத்தைக் காப்பது கால்.

எல்லாவற்றுக்கும் மேல் இன்னொரு கேள்வி. அவன் மூலையில் 'போதும்' என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? ரசிகர்கள் இதைக் கேட்பதே இல்லை. அலியும் ஃப்ரேசியரும் ஆளுக்கொன்று ஜெயித்திருந்தபோது, 1975 அக்டோபர் 1-ல் மணிலாவில் மூன்றாவது போட்டி. பிரெஞ்சுக்காரன் கணக்கில் அது 'லா பெல்'. அந்த அழகியைப் போல் கோரமான சண்டையை நான் படித்ததில்லை. பதினான்கு ரவுண்டு முடிந்தபோது ஃப்ரேசியருக்குக் கண் தெரியவில்லை. அவர் எழப் பார்த்தார். பயிற்சியாளர் எட்டி ஃபட்ச் அவரை உட்கார வைத்துவிட்டார். மீதி இருந்தது ஒரே ஒரு ரவுண்டு, மூன்று நிமிடம். கோழை என்று சொன்னவர்களும் இருந்திருப்பார்கள். என் கணக்கில் அன்றைய நல்ல தீர்மானம் அதுதான்.

'சார்பட்டா பரம்பரை' 2021-ல் வந்தபோது நானும் ரசித்துப் பார்த்தேன். சாராயத்தில் உடம்பைத் தொலைத்த கபிலன், பீடி ராயப்பனிடம் மறுபடி பயிற்சி எடுத்து வேம்புலிக்கு எதிராக மேடை ஏறும்போது, கைதட்டாமல் இருக்க முடியுமா? சினிமாவில் உடம்பு திரும்பி வந்துவிடுகிறது. வெளியே எல்லோருக்கும் வருவதில்லை. வராதவனிடமும் நாம் கைதட்டிக்கொண்டே 'ஏறு, ஏறு' என்கிறோம்.

மறுநாள் மாலை பையன்கள் தூக்கக் கலக்கத்தோடு வந்தார்கள். உசிக்தான் ஜெயித்தார். மூன்று நடுவர்களும் ஒரே கணக்கு, 116-112. எடை கூட்டி வந்தது உதவவில்லை. நாக்கு தள்ளும் என்று சொன்னவன் தன் ஆரூடம் பலித்ததாக அலட்டிக்கொண்டான். கை நீளம் என்று சொன்னவன் நடுவர்களைத் திட்டினான். பன்னிரண்டு ரவுண்டும் முடித்து இரண்டு பேரும் தங்கள் காலில் நடந்து இறங்கினார்களாம். அதைத்தான் நான் முதலில் கேட்டேன்.

"சார், மூணாவது எப்ப இருக்கும்?" என்றான் ஒருவன்.

"இரண்டையும் ஒருத்தரே ஜெயிச்சாச்சு. மூணாவது எதுக்குப்பா?" என்றேன்.

அவர்களுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அவர்கள் வயதில் எனக்கும் பிடித்திருக்காது.